கோளின் கடைசிக் கம்பம்

ஒதியம்பட்டு
17 ஆகஸ்ட் 2025

லில்லிக்கு,

உன் சித்தி போன வாரம் வந்தாள். கல்லறைத் திருநாளுக்கு நீ ஊருக்கு வர ஆசைப்படுகிறாய் என்றாள். "ரெண்டு வருசமா அம்மா குழியக் கண்ணால பாக்கல மாமா அந்தப் புள்ள. நீங்க ஒரு வார்த்த சொன்னா ஓடியாந்துடும்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவள் அதை உன்னிடம் பூசி மெழுகித்தான் சொல்லியிருப்பாள். அதனால் நானே எழுதுகிறேன். வரக் கூடாது.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். உன் எண்ணை அடைத்து வைத்திருக்கிறேன். திறக்கிற உத்தேசம் இல்லை.

லைன்மேன் மகளுக்கு எல்சி என்றால் என்னவென்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். கம்பம் ஏறுகிறவன் தன் பேரில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்துவான். வேலை முடிந்து அவன் இறங்கி, தன் வாயால் சொல்லி, தன் கையால் அந்த எல்சியைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த லைனில் யாரும் கரண்ட் விட முடியாது. என்ஜினியர் சொன்னாலும் முடியாது, மந்திரி சொன்னாலும் முடியாது. இந்த வீட்டு வாசலுக்கும் உன் அம்மா குழிக்கும் வராதே என்று உன்னிடம் சொன்னது என் பேரில் எடுத்த எல்சி. சித்தி அழுவதாலோ பங்குச் சாமியார் வந்து பேசுவதாலோ அது திரும்பாது.

இது ஒரு விஷயம். இன்னொரு விஷயத்துக்கு உன்னிடம் விளக்கம் வேண்டும்.

எந்த வேலைக்காக உன் அம்மாவை மண்ணில் வைத்த நேரத்தில் நீ இல்லாமல் போனாயோ, அந்த வீடியோ விளையாட்டை வாங்கிவிட்டேன். வில்லியனூரில் பஷீர் அகமது கடையில், டிவியில் மாட்டி அதை விளையாடுகிற பழைய பெட்டி ஒன்று இருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாண்ணே, யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? துப்பாக்கி புடிச்சி சுடணும்ணே அதுல. கை நடுங்கும்."

"பதினோரு கேவி லைன்ல வேல பாத்த கை பாய் இது. நடுங்காது. நீ ஒயர மட்டும் மாட்டிக் காட்டு."

எந்த விரலுக்கு எந்த வேலை என்று பழகச் சில நாள் ஆயிற்று. ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்தேன். எட்டாவதோடு நின்றவன் டிபார்ட்மெண்ட் கையேடுகளையெல்லாம் அப்படித்தான் படித்தேன், இது ஒன்றும் பெரிதில்லை. யாரையும் சுடவில்லை. செய்தவர்கள் பெயர் ஓடும் இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து பார்த்தேன். ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து உன் பெயர் வந்தது. பின்னாலேயே என் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

நீ அதில் எதைச் செய்தாய் என்று மட்டும் போடவில்லை. பாறையா, வானமா, அங்கே தெரிகிற இரண்டு நிலாவா? எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று விண்கலத்தில் போய் ஒரு கோளில் இறங்கினேன். அதற்குப் பெயர் இல்லை, எண்தான். காய்ந்த ஏரி மாதிரி வெடித்த தரை. தூரத்தில் மலை. மனிதர் யாரும் இல்லை.

கோள் என்றால் உருண்டை. விண்கலத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு நேராக நடந்தால், ஒருநாள் அது முகத்துக்கு எதிரே வர வேண்டும். அப்படி நடந்து சுற்றி வருவது என்று முடிவு செய்தேன். அங்கே கட்டடம் கட்டுகிற சாமான்களில் விளக்குக் கம்பம் ஒன்று இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் கம்பியும் இழுக்கலாம். வெறுங்கையோடு நடந்து எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு கம்பம் நடுவது, நடந்து போய் அடுத்ததை நடுவது, திரும்பிப் பார்த்து நேராக இருக்கிறதா என்று சரிபார்ப்பது. தினமும் ஜெபமாலை முடிந்ததும் இதுதான். பக்கத்து வீட்டு ஆண்டாள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, சீரியலா?" என்றாள். "லைன் இழுக்கிறேன்" என்றேன். அவள் அப்புறம் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை கால் நின்றுவிட்டது. எதிரே தரை இருக்கிறது. மலை இருக்கிறது. மலைக்குப் பின்னால் வெளிச்சம்கூடத் தெரிகிறது. என் கால் மட்டும் போகவில்லை. திரையில் எழுத்து வந்தது. இந்த எல்லையைத் தாண்ட முடியாது, திரும்பிச் செல்லவும்.

புதுச்சேரிக்காரனுக்கு எல்லை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாகூர் பக்கம் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் நம் கம்பம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கம்பம். கம்பிகள் ஒன்றையொன்று தொடாது. ஆனால் மாடு போகும், தண்ணீர் போகும், நானும் போய் டீ குடித்துவிட்டு வருவேன். கண்ணுக்குத் தெரிகிற நிலத்தில் கால் வைக்க முடியாத எல்லையை நான் பார்த்ததில்லை.

அதுதான் கடைசிக் கம்பம் என்று தெரிந்திருந்தால் ஸ்டே கட்டியிருப்பேன். உங்கள் சாமான்களில் அதுவும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கம்பி இழுக்கிற கம்பத்துக்கு மறுபக்கம் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி இல்லையென்றால் சாய்ந்துவிடும்.

இரண்டு கேள்வி. கோள் என்று சொல்லிவிட்டு இதை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்? இதில் நீ செய்தது எது?

பதில் எழுது. வர வேண்டாம்.

மரியதாஸ்

*

பெங்களூரு
30 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, முன்பே எழுதி யாரிடமோ கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து, கடைசி வரியை முதலில் படித்தேன். "வர வேண்டாம்" என்று இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

தமிழ் எழுதி நாளாகிவிட்டது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

நீங்கள் அந்த விளையாட்டை விளையாடுகிறீர்கள் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. எங்கள் ஆபீசில் அன்புராஜ் என்று ஒருவர், நெய்வேலிக்காரர். அவரிடம் சொன்னேன். "ஒங்க அப்பா லைன் இழுக்கிறாரா? அத வெளியில சொல்லிடாதீங்க, கரண்ட் பில்லு போட்டுடுவாங்க" என்றார். சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில். வானத்திலிருந்து பார்க்கும்போது அது உருண்டைதான். ஆனால் நீங்கள் இறங்குகிற இடத்தில் இயந்திரம் அந்த உருண்டையிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுத்துத் தரையாக விரித்துப் போடுகிறது. அந்தச் சதுரத்துக்குள் மட்டும்தான் மண்ணும் பாறையும் உண்டாகும். வெளியே தெரிகிற மலை வெறும் தோற்றம். வேறொரு இடத்தில் இறங்கினால் வேறொரு சதுரம். இரண்டு சதுரத்துக்கும் நடுவே நடந்து போகும் வழி கிடையாது. எத்தனை நாள் நடந்தாலும் விண்கலத்துக்குப் பின்பக்கமாக வர முடியாது அப்பா.

ஏன் அப்படி என்றால், இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு புள்ளியிலிருந்து அளக்கிறது. நீங்கள் இறங்கிய இடம்தான் அந்தப் புள்ளி. அதை விட்டுத் தள்ளிப் போகப் போக அளவில் பிசிறு தட்டும். கொஞ்சம்தான், ஆனால் கூடிக்கொண்டே போகும். கையில் பிடித்திருக்கும் பொருள் நடுங்கும். கால் தரைக்குள் இறங்கும். அந்த நிலைக்கு வருவதற்கு முன்னால் ஆளை நிறுத்திவிட வேண்டும்.

கலத்துக்குத் திரும்ப நடக்க வேண்டாம். வரைபடத்தைத் திறந்து கலத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். அடுத்த நொடி அங்கே இருப்பீர்கள்.

அப்புறம், ஸ்டே. எனக்கு ஸ்டே தெரியாதா? சோரியாங்குப்பத்தில் ஆற்றங்கரைக் கம்பத்து ஸ்டே கம்பியில் தடுக்கி விழுந்துதானே என் முன்பல் போயிற்று! எங்கள் கம்பத்துக்கு எடை கிடையாது, கம்பிக்கு இழுவை கிடையாது. அது சாயாது. இருந்தாலும் நீங்கள் திரும்பிப் பார்த்து வரிசை சரிபார்ப்பதை நினைத்துக்கொண்டேன்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? சர்க்கரை பார்த்தீர்களா?

லில்லி

*

ஒதியம்பட்டு
9 செப்டம்பர் 2025

லில்லிக்கு,

முட்டியும் சர்க்கரையும் என் பொறுப்பு. நீ கேட்க வேண்டியதில்லை.

கண்ணை மூடித் திறந்தால் கலத்தில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். நடந்து போனவன் நடந்துதான் வருவான். அப்படித்தான் வந்தேன். என் கம்பங்களின் வெளிச்சம் இருந்தது, வழி தப்பவில்லை.

சதுரம் வெட்டி வைத்துவிட்டுக் கோள் என்று விற்கிறீர்கள். ஒரு முழம் துணியைக் காட்டி வேட்டி என்று விற்றால் கடைக்காரனைச் சும்மா விடுவார்களா? தள்ளிப் போனால் அளவு பிசகும் என்கிறாய். எங்களுக்கும் அந்தத் தொல்லை உண்டு. லைன் நீண்டுகொண்டே போனால் கடைசி வீட்டில் பல்பு மங்கும். அதற்காகக் கடைசி வீட்டுக்காரனை இருட்டில் இரு என்று சொல்ல மாட்டோம். நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைப்போம். ஆள் நடக்க நடக்க அளக்கிற புள்ளியும் கூடவே நகர்ந்து வரட்டுமே. அதற்கு யாருக்கும் மனம் இல்லை, அவ்வளவுதான்.

தினமும் அந்தக் கடைசிக் கம்பத்துக்குப் போகிறேன். நிற்கிறேன். திரும்பிச் செல்லவும் என்று எழுத்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் எழுத்து தானாக மறைந்துவிடுகிறது. நான் திரும்புவதில்லை. அங்கே பொழுது விடிகிறது, அடைகிறது. மலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் இருக்கிறது என்று சொன்னேனே, அது என்ன என்று நீ சொல்லவில்லை.

என் இரண்டாவது கேள்வியையும் விழுங்கிவிட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம் உண்டு. மார்க் கேட்டால் மழை வருகிறது என்பாய். மறுபடி கேட்கிறேன். இந்த விளையாட்டில் நீ செய்தது எது? ஒரு பாறையாக இருந்தாலும் சொல். போய்ப் பார்க்கிறேன். உன் அம்மாவை விடப் பெரியதாக அது என்னவென்று நான் பார்க்க வேண்டும்.

மரியதாஸ்

*

பெங்களூரு
20 செப்டம்பர் 2025

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

முதலில் எளிதான பதில்கள். அளக்கிற புள்ளி ஆளோடு நகரலாம். நீங்கள் சொன்னது சரி, அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் செய்வதாகத்தான் இருந்தோம். நேரம் கொடுக்கவில்லை. மலைக்குப் பின்னால் தெரியும் வெளிச்சம் ஒன்றுமே இல்லை. அந்த இடம் வெறுமையாகத் தெரியக் கூடாது என்று ஒருவர் வரைந்து வைத்தது.

இனி நீங்கள் கேட்டது.

விளையாட்டு வெளியாவதற்குச் சில நாள் முன்னால், சோதித்துப் பார்க்கிறவர்கள் சதுரத்தின் விளிம்பைத் தாண்டி விழ ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே தடை எதுவும் இல்லை. அவ்வளவு தூரம் யார் நடக்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தோம். உங்களை மாதிரி சிலர் நடந்தார்கள். விளிம்புக்கு அப்பால் தரை கிடையாது. விழுகிறவனுக்கு அடி என்று ஒன்று கிடையாது. விழுந்துகொண்டே இருப்பான். பெட்டியை அணைத்துவிட்டு மறுநாள் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து விழுவான். அந்த ஆளை யாராலும் மேலே கொண்டுவர முடியாது.

தரையை உண்டாக்கும் நிரலை எழுதியவள் நான். எனக்குத்தான் தெரியும். விளிம்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று காலைக்குள் வேண்டும் என்றார்கள். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீங்கள் போன் செய்து, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொன்ன அதே சாயங்காலம்.

முடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பொத்தலை அடைத்தால் இன்னொரு இடத்தில் ஆள் விழுகிறான். மலை உச்சியில் அடைத்தால் பள்ளத்தில் விழுகிறான். கடைசி பஸ் போய்விட்டது. விடியும்போது சுவர் நின்றது. அதே நேரம் சித்தி போன் செய்தாள்.

நான் செய்தது பாறை இல்லை, வானம் இல்லை. நீங்கள் தினமும் போய் நிற்கிறீர்களே, அந்தச் சுவர்தான். அது மட்டும்தான் முழுக்க என் கையால் செய்தது. அதில் வரும் வாசகம்கூட வேறு ஒருவர் எழுதியது.

சோரியாங்குப்பத்தில் என் பல் போன அன்று என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து அழைத்துப் போயிருந்தீர்கள். "இதுக்கப்புறம் இன்னாப்பா?" என்று கேட்டேன். "ஆறு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுக்காரங்க ஊரு" என்றீர்கள். நான் பார்க்க ஓடினேன். ஆற்றில் வெள்ளம். ஸ்டேயில் தடுக்கிக் கரையில் விழுந்து வழுக்கிக்கொண்டு போனபோது என் கவுனைப் பின்னாலிருந்து பிடித்தீர்கள். அப்படியே தொங்கிக்கொண்டு வாயெல்லாம் ரத்தத்தோடு உங்களைத் திட்டினேன், இன்னும் கொஞ்ச தூரம் போக விடவில்லை என்று.

சுவர் கட்டும்போது அந்தப் பிடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியாகிவிட்டது. கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

லில்லி

*

ஒதியம்பட்டு
27 செப்டம்பர் 2025

லில்லிக்கு,

இல்லாத ஆள் இல்லாத பள்ளத்தில் விழக் கூடாது என்று இராத்திரி முழுக்கச் சுவர் கட்டியிருக்கிறாய். இங்கே இருந்த ஆள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும், "லில்லி வந்துட்டாளா பாருங்க" என்றாள். நான் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

பெரியதாக ஏதாவது இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகவா?

கவுனைப் பிடித்த கதையை என்னிடம் சொல்லாதே. நான் பிடித்தது என் பிள்ளையை.

பெட்டியைப் பஷீரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். இனி எழுத வேண்டாம்.

மரியதாஸ்

*

பெங்களூரு
5 அக்டோபர் 2025

அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடைசி. இதை மட்டும் படியுங்கள்.

அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நான் சாகும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்கிறேன். நான் அந்த வெள்ளிக்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். அதற்கு யார் மேலும் பழி போடவில்லை.

ஆனால் நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். ஏறும்போதே உங்களுக்குப் போன் செய்தேன். "சாயங்காலம் வரைக்கும் வைங்கப்பா, வந்துடறேன்" என்று கெஞ்சினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். ஐஸ் பெட்டி இருந்தது. சாமியார் மாலையில் வருகிறேன் என்றாராம். சித்தி உங்கள் காலில் விழுந்தாளாம். உச்சிப் பொழுதுக்குள் எடுத்துவிட்டீர்கள்.

நான் இறங்கி வந்தபோது தெருமுனையில் நின்றுகொண்டிருந்தீர்கள். சட்டையில் மண் இருந்தது. என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "எல்லாம் முடிஞ்சிடுச்சி. திரும்பிப் போ."

நானும் போனேன். அதே பஸ்ஸில். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, குழியைப் பார்க்கவில்லை. நான் கட்டிய சுவரில் வரும் வாசகத்தைப் பார்த்து நீங்கள் கோபப்பட்டீர்கள். அதை நான் உங்கள் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன் அப்பா.

என் சுவருக்கு ஒரு காரணம் இருந்தது. தாண்டினால் விழுவார்கள். தெருமுனையைத் தாண்டியிருந்தால் நான் எதில் விழுந்திருப்பேன்? ஏன் காத்திருக்கவில்லை?

கல்லறைத் தோட்டத்துக்குப் பூட்டு கிடையாது. நவம்பர் இரண்டாம் தேதி உங்களுக்குத் தெரியாமல் வந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போக எனக்கு வழி தெரியும். ஆனால் என் அம்மா குழி முன்னால் திருடி மாதிரி நிற்க மாட்டேன். எல்லோரும் குடும்பத்தோடு நின்று வெள்ளையடித்துப் பூ வைக்கிற நாளில், நீங்கள் இருக்கும்போது, உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் கேட்டேன். இனி கேட்க மாட்டேன்.

லில்லி

*

ஒதியம்பட்டு
24 அக்டோபர் 2025

மகளே லில்லி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. உடனே எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனது உண்மை. பஷீர் கையில் வாங்கவில்லை.

"இன்னாண்ணே, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

"முடிக்க இன்னா கீது அதுல? நடந்தா செவுரு. நாலு பக்கமும் செவுரு."

"நாலு பக்கமும் போய்ப் பாத்தீங்களா?"

ஒரு பக்கம்தான் பார்த்திருந்தேன். அதிலும் ஒரே ஒரு இடம். என் சர்வீசில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு ஸ்பேன் மட்டும் பார்த்துவிட்டு முழு லைனுக்கும் கையெழுத்துப் போட்டவன் இல்லை நான். அப்படிப் போட்டவர்களை நானே புகார் செய்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். "ஆட்டோவுல போங்கண்ணே, முட்டி போயிடும்" என்று பின்னாலிருந்து கத்தினார்.

மறுநாளிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கடைசிக் கம்பத்திலிருந்து ஆரம்பித்து, வலது தோள் சுவரில் உரச உரச. லைன் ரோந்து போகிற மாதிரிதான். ஒவ்வொரு அடியிலும் சுவரைத் தள்ளிப் பார்ப்பேன், குதித்துப் பார்ப்பேன். முன்போலவே கம்பம் நட்டுக்கொண்டு போனேன். நடுவில் ஒருநாள், இதற்கு மேல் கம்பம் நட முடியாது, அளவு முடிந்தது என்று எழுத்து வந்தது. அதற்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறீர்கள். திரும்பி நடந்து, விண்கலத்தின் அருகிலிருந்து நட்டு வந்த கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சுவர் ஓரத்தில் நட்டேன். கலத்துக்குப் போகும் வழி இருட்டாகிவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதியிருந்தாயே, மலையில் அடைத்தால் பள்ளத்தில் விழுகிறான் என்று. மலை உச்சி ஒவ்வொன்றிலும் ஏறினேன். பள்ளத்தில் இறங்கினேன். சுவர் ஒரு குட்டையின் நடுவே போகிறது, அங்கே தண்ணீருக்குள் மூழ்கிப் பார்த்தேன். ஒரு குகை சுவரை நோக்கிப் போகிறது, இங்கே நிச்சயம் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். விடவில்லை. மூலைகளில் வேலை எப்போதும் கோணலாக இருக்கும், நம் ஆட்களே அப்படித்தான் செய்வார்கள். நாலு மூலையும் பார்த்தேன். சரியாக இருந்தது.

மூன்றாவது பக்கத்தில் ஓர் இடம். உயரமான பாறை ஒன்று சுவரோடு ஒட்டி இருக்கிறது. அதன் மேல் ஏறி, ஓரத்தில் நின்று குனிந்தால் கால் போகவில்லை, தலை மட்டும் வெளியே போகிறது. நீ இதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

எட்டிப் பார்த்தேன். மலை இல்லை, வெளிச்சம் இல்லை. கீழே தரை இல்லை. இருட்டு என்று சொன்னால் அதிலும் ஏதோ இருக்கிற மாதிரி ஆகிவிடும். இருட்டும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் நான் பார்த்ததிலேயே ஒன்றுமே இல்லாத இடம் அதுதான். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த உன் அம்மா படத்தைப் பார்த்தேன். மறுபடி அதைப் பார்த்தேன். ஆண்டாள் வந்து, "இன்னாண்ணே, டிவியில ஒன்னுமே தெரியல, கேபிள் புட்டுக்கிச்சா?" என்றாள். அவளை உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாராவது கூட இருக்கட்டும் என்று தோன்றிற்று.

அதில் ஆள் விழுந்துகொண்டே இருப்பான் என்று நீ எழுதியபோது அது எனக்குப் புரியவில்லை. விளையாட்டுத்தானே என்று இருந்தேன். இல்லாத ஆள் என்று எழுதினேன். அவ்வளவு தூரம் நடந்து போன அந்த ஆள் நான்தான். சுவர் இல்லாதிருந்தால் ஆகஸ்ட் மாதமே விழுந்திருப்பேன்.

நேற்று, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய அந்தக் கடைசிக் கம்பத்துக்கே வந்து சேர்ந்தேன். கம்பி சுற்றி வந்து சேர்ந்துவிட்டது. கோளைச் சுற்றுவேன் என்று கிளம்பி உன் சுவரைச் சுற்றி வந்திருக்கிறேன். பார்த்தவன் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அந்தப் பாறை ஓர் இடத்தைத் தவிர வேறெங்கும் பொத்தல் இல்லை. யாரும் விழ முடியாது. வேலை சரியாக இருக்கிறது. அந்தப் பாறையை அடைக்கச் சொல்.

ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். அதைக் காகிதத்தில் எழுத மாட்டேன். நேரில் கேள்.

இன்று காலை உன் அம்மா குழிக்குப் போனேன். மழையில் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, பாசி பிடித்துக் கிடக்கிறது. போன வருடமும் நான்தான் அடித்தேன். சிலுவையின் பின்பக்கம் சரியாக விழவில்லை. அவள் முன்னால் நின்று எல்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எடுத்தவன் நான்தான், கொடுத்ததும் நான்தான். சித்தி அழுததற்காக இல்லை. அவளிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடு.

சுண்ணாம்பும் மட்டையும் வாங்கி வைத்துவிட்டேன். நான் அடிக்கப் போவதில்லை. முட்டி மடங்கவில்லை. திருநாள் ஞாயிற்றுக்கிழமை. நீ சனிக்கிழமையே வந்தால்தான் காய நேரம் இருக்கும். பஸ் தாமதமானால் ஆகட்டும். இருட்டினாலும் பரவாயில்லை.

தெருமுனையில் நிற்கிறேன்.

அப்பா